கண்ணால் கண்டதை எழுதிய முன்ஷி அப்துல்லாஹ்

செந்தூலிலிருந்து நகருக்குள் போகிறவர்கள் டாங் வாங்கி பக்கத்தில் முன்ஷி அப்துல்லாஹ் சாலை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். மலாக்காவிலும் அதே பெயரில் ஒரு பெரிய சாலை இருக்கிறது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று நம் பிள்ளைகள் அவர் பெயரைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அவருடைய பாட்டனார் நாகூரிலிருந்து வந்தவர் என்பதையும், அவர் சிறு வயதில் தமிழ் எழுத்தும் கணக்கும் படித்தவர் என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். இந்தப் பொன்விழா மலரில் அவர் வாழ்க்கையை எழுத எடுத்துக்கொண்டதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. சொந்தச் சமுதாயத்தின் குறைகளைச் சொன்னதற்காக ஏச்சு வாங்கியவர் அவர். அந்தக் குறைகளை அவர் எந்தக் கிதாபிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் நேரில் நின்று பார்த்தார்.

ஏமனிலிருந்து ஷெய்கு அப்துல் காதிர் என்ற அரபி ஒருவர் மார்க்கக் கல்வி போதிப்பவராக நாகூருக்கு வந்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்மணியை நிக்காஹ் செய்துகொண்டார். அவர்களுக்கு நான்கு ஆண்மக்கள். தந்தையார் காலமான பின் பிள்ளைகள் கப்பலேறிக் கிழக்கே வந்தார்கள். மூவர் தீவுகள் பக்கம் போய்விட, முஹம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்காவில் தங்கினார். அங்கே ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அந்த அம்மையாரின் பெயர் பெரி ஆச்சி என்று மலாய் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. நம் வீடுகளில் வாய்க்கு வாய் வழங்கும் பெரியாச்சிதான் அது என்று எனக்குத் தோன்றுகிறது. இவர்களுடைய மகன் அப்துல் காதிர். அவர் மகன்தான் நம் அப்துல்லாஹ். தாயார் செலாமா கெடாவைச் சேர்ந்தவர். இஸ்லாத்தைத் தழுவிய இந்தியக் குடும்பத்தில் வந்தவர்.

அப்துல்லாஹ் 1796-ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த நான்கு ஆண் குழந்தைகளும் சின்ன வயதிலேயே மௌத்தாகிவிட்டன. இந்தக் குழந்தையும் நோஞ்சானாக இருந்ததால், பிள்ளை தங்கிய தாய்மார்களிடம் பால் குடித்தால் தங்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்படிப் பதினைந்து, பதினாறு தாய்மார்கள் அவருக்குப் பால் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

பாட்டியார் பெரி ஆச்சி கம்போங் பாலியில் ஓதிக்கொடுக்கும் பள்ளி நடத்தினார். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 200 பிள்ளைகள் அங்கே திருக்குர்ஆன் ஓதினார்கள். இருநூறு வருடங்களுக்கு முன்பு ஒரு பெண்மணி இத்தனை பிள்ளைகளுக்குத் தலைமை உஸ்தாதாக இருந்திருக்கிறார் என்பதைப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தப் பள்ளியில்தான் அப்துல்லாஹ் முதன்முதலாக வலியைப் பார்த்தார். விரல்களைப் பிரம்புக் குச்சிகளுக்கு இடையில் வைத்து நெரிப்பார்கள். கால்களைக் கட்டையில் மாட்டி உள்ளங்காலில் அடிப்பார்கள். இடுப்பில் சங்கிலி கட்டிக் கட்டையைச் சுமக்க வைப்பார்கள். காய்ந்த மிளகாய்ப் புகையைக் காட்டுவார்கள். காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பதெல்லாம் சின்னத் தண்டனை. எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை என்று அவர் பிற்காலத்தில் விவரமாக எழுதி வைத்தார். பாட்டியார் மீது அவருக்குப் பாசம் குறையவில்லை. ஆனாலும் இவ்வளவு அடி வாங்கி ஓதிய பிள்ளைகளில் ஓதியதன் பொருள் எத்தனை பேருக்குத் தெரிந்தது என்ற கேள்வி அங்கேயே அவர் மனத்தில் விழுந்துவிட்டது. அந்தக் கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

பிறகு தந்தையார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் படித்தார். அப்போது மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலத்து வழக்கம். கடைக் கணக்கும் கொள்வினை கொடுப்பினையும் தமிழில் நடந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள் ஊரில் நிறைந்திருந்தார்கள். அடுத்து, கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களோடு பழகி இந்துஸ்தானி கற்றார். அந்தச் சிப்பாய்களில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார். அவர்கள்தான் ஆசிரியர் என்ற பொருளில் அவரை முன்ஷி என்று அழைத்தார்கள். அரசாங்கமோ சுல்தானோ கொடுத்த பட்டமல்ல அது. தன்னிடம் ஓத வந்த சாதாரணச் சிப்பாய்கள் கொடுத்தது.

தந்தையார் மிகக் கண்டிப்பானவர். ஊரார் மகனைப் புகழ்ந்தால் அவருக்குக் கோபம் வரும். புகழ்ச்சி பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று நினைத்தார். ஒருநாள் அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் மரக்கலத் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள வந்தார். சிறுவர் அப்துல்லாஹ் தானே துணிந்து எழுதிக்கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தந்தையார் வந்து காகிதத்தைப் படித்தார். அடி விழும் என்று மகன் நடுங்கினார். தந்தையார் முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு எழுத்து வேலைகள் மகனிடமே வந்தன.

1807-இல் மலாக்காவின் பழைய போர்த்துக்கீசியக் கோட்டையை ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். வேலையை நடத்தியவர் ஃபார்குவார். கோட்டைக்குள் பேயும் ஜின்னும் இருக்கின்றன, கல்லை அசைத்தால் உயிர் போகும் என்று கூலியாட்கள் பயந்தார்கள். வெடி வைத்த அன்று யானையளவு கற்கள் கடலில் போய் விழுந்தன. பதினோரு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழியவே அழியாது என்று ஊர் நம்பியது அழிந்துபோனது. ஊர் நம்பிய பேய்கள் வெளியே வரவில்லை. கேட்டதை அப்படியே நம்பாமல் போய்ப் பார்த்துவிட்டுப் பேசும் பழக்கம் அவருக்கு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான்கு ஆண்டுகள் கழித்து 1811-இல் ஜாவா படையெடுப்புக்காகக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு மலாக்காவுக்கு வந்தார். இவ்வளவு பெரிய மனிதர் எத்தனை ஆடம்பரமாக வருவார் என்று பார்க்க ஊரே திரண்டது, அப்துல்லாஹ்வும் போனார். வந்து இறங்கியவர் எளிய கறுப்பு உடுப்பில் இருந்த, மெலிந்த, வயதேறிய மனிதர். ஏழைகள் சலாம் சொன்னால் நின்று பதில் மரியாதை செய்தார். டச்சுக்காரர் காலத்திலிருந்து ஓர் இருட்டுச் சிறையும் சித்திரவதைக் கருவிகளும் மலாக்காவில் இருந்தன. அவற்றை எரிக்கச் சொல்லி, கைதிகளை வெளியே விட்டு, அந்தச் சிறையையும் இல்லாமல் செய்ய மிண்டோ உத்தரவிட்டார். அதிகாரம் உள்ளவர் என்றால் அடிப்பவர் என்று மட்டுமே அறிந்திருந்த இளைஞரின் மனத்தில் அந்தக் காட்சி ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் ராஜாக்களை அளந்த படி இதுதான். அந்தப் படி எல்லா ஆங்கிலேயருக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதே சமயத்தில் மலாக்காவில் இருந்த ராஃபிள்ஸ் மலாய் ஏடுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். பிரதி எடுக்க எழுத்தர்களை வைத்துக்கொண்டார். அவர்களில் வயதில் இளையவர் அப்துல்லாஹ். ஊர் ஊராக வந்து குவிந்த அந்த ஏடுகளோடு 1824-இல் ராஃபிள்ஸ் ஊர் திரும்பியபோது கப்பல் தீப்பிடித்து எல்லாம் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாத ஏடுகள் அவற்றில் பல. அதைக் கேட்டு அப்துல்லாஹ் கலங்கிப்போனார். கையெழுத்தில் மட்டும் இருப்பது ஒரே நாளில் போய்விடும், அச்சில் ஏறியது நிற்கும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது.

1815-இல் மில்ன் என்ற பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். அவருக்கு மலாய் சொல்லிக்கொடுத்து அவரிடம் ஆங்கிலம் கற்றார் அப்துல்லாஹ். பைபிளின் பகுதிகளை மலாயில் பெயர்க்கும் வேலையில் பாதிரிமாருக்கு மொழித்துணையும் செய்தார். ஊர் சும்மா இருக்குமா? அப்துல்லாஹ் பாதிரி என்று கேலிப்பெயர் வைத்தது. தந்தையாருக்கும் மனம் ஒப்பவில்லை. நம் சமுதாயத்திலும் சிலருக்கு இன்றைக்கும் இது உறுத்தலாக இருக்கலாம். ஆனால் அவர் தம் தீனை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை. முஸ்லிமாகவே வாழ்ந்தார், அவருடைய முடிவு எங்கே நேர்ந்தது என்பதே அதற்குச் சாட்சி. மலாய் மொழிக்கும் இலக்கணம் வேண்டும், முறையாகக் கற்க வேண்டும் என்பதை அந்த வேலைதான் அவருக்குக் காட்டியது.

ராஃபிள்ஸ் 1819-இல் சிங்கப்பூரைத் தொடங்கியதும் வேலை தேடிப் போனவர்களில் அப்துல்லாஹ்வும் ஒருவர். அங்கே ஒருநாள் அடிமை வியாபாரம் நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். ஒரு படகில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். கிழவர்கள், குமரிகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள். கொண்டுவந்தவர்கள் புகிஸ் வணிகர்கள். வாங்க வந்தவர்கள் சந்தையில் மாடு பிடிப்பதுபோல் அந்தப் பெண்களைத் தொட்டும் திருப்பியும் பார்த்தார்கள். அதை முழுதாக எழுத வெட்கப்பட்டுப் பாதியோடு நிறுத்தியிருக்கிறார் அப்துல்லாஹ். தாயை ஒருவர் வாங்கினார், பிள்ளையை இன்னொருவர். பிரிக்கும்போது தாய் அலறினாள், பிள்ளை கதறியது. அழுதவர்களுக்குப் பிரம்படி விழுந்தது.

இதில் நம்மைச் சுடும் விஷயம் ஒன்று உண்டு. புகிஸ் மக்கள் இஸ்லாமியர்கள். கலிமா சொன்ன வாய்தான் அங்கே விலை பேசிற்று. அப்துல்லாஹ் அதை மூடி மறைக்கவில்லை. அடிமையை உரிமை விடுவது நன்மை என்று அவர் ஓதியிருந்தார். அன்றைக்கு அவர் கண்முன் நடந்தது அதற்கு நேர் எதிரானது. வீட்டுக்குத் திரும்பியவருக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் ராஃபிள்ஸிடம் போய்க் கண்டதைச் சொன்னார். இந்தக் கொடுமை அதிக காலம் நீடிக்காது என்று அவர் ஆறுதல் சொன்னார். 1823-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தார். முன்ஷி போய்ச் சொன்னதால்தான் தடை வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை என்பதுதான் விஷயம்.

1838-இல் அவர் வாழ்க்கையின் முக்கியமான பயணம் வந்தது. கிளந்தானில் அரச குடும்பத்தாருக்குள் சண்டை மூண்டு, சிங்கப்பூர் வணிகர்களின் சரக்குகள் அங்கே சிக்கிக்கொண்டன. கடிதங்களோடு போனவர்களில் மொழி தெரிந்தவர் என்று அப்துல்லாஹ்வையும் சேர்த்துக்கொண்டார்கள். கடற்கொள்ளையர் பயத்தோடு பகாங், திரங்கானு வழியாகப் படகு போனது.

ஆங்கிலேயர் ஊர்களிலேயே வளர்ந்தவர் முதன்முறையாக மலாய் ராஜாக்களின் ஆட்சியில் மக்கள் வாழும் நிலையைப் பார்த்தார். திரங்கானுவில் தெருக்கள் கோணல்மாணலாக, குப்பையும் நாற்றமுமாகக் கிடந்தன. ஆண்கள் இடுப்பில் கிரிஸும் கையில் ஈட்டியுமாகத் திரிந்தார்கள். சந்தையில் உட்கார்ந்து விற்றவர்கள் பெண்கள். ராஜா வீட்டு வழியே போகும்போது குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்ற தடைகள் இருந்தன. ஆண்கள் ஏன் உழைப்பதில்லை என்று அவர் விசாரித்தார். சோம்பேறிகள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவர் காரணத்தைத் தேடினார். நல்ல வீடு கட்டினாலும் நாலு காசு சேர்த்தாலும் பெரிய இடத்தார் கண்ணில் பட்டுவிடும். கேட்பார்கள், கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். பிறகு யார் பாடுபடுவார்கள்? உழைப்பு வற்றிப்போனதற்கு வேர் அநியாயத்தில் இருக்கிறது என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார்.

இன்னொன்றும் அவரைத் துன்புறுத்தியது. பிள்ளைகள் குர்ஆனை அழகாக ஓதினார்கள். ஆனால் அவர்களுடைய சொந்த மொழியை எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளியும் இல்லை. ஓதியதன் பொருளும் தெரியாது, தாய்மொழியில் ஒரு கடிதம் எழுதவும் தெரியாது. தாய்மொழிதானே, அதைப் போய்ப் படிப்பார்களா என்ற எண்ணம். பாட்டியார் பள்ளியில் முளைத்த கேள்வி திரங்கானுக் கரையில் மறுபடி வந்து அவர் முன் நின்றது. தமிழரும் சீனரும் அரபிகளும் ஆங்கிலேயரும் தம் தம் மொழியை உட்கார்ந்து கற்கும்போது மலாய்க்காரர் மட்டும் ஏன் கற்பதில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தமிழ் படித்துக் கணக்கெழுதியவர் என்பதால் அந்த ஒப்பீடு அவருக்கு எளிதாக வந்தது. பஞ்சதந்திரக் கதைகளை 1835-இல் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுபோனவரும் அவரே.

கிளந்தான் பயணக் கதை அதே 1838-இல் அச்சாயிற்று. பிறகு ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார் தூண்டியதன்பேரில் தம் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். 1843-இல் முடித்தார், 1849-இல் ஹிகாயத் அப்துல்லாஹ் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. அதுவரை மலாய் ஏடுகளில் ராஜாக்களும் தேவலோகத்துப் பெண்களும் உலவினார்கள். இந்தப் புத்தகத்தில் ஓதும் பள்ளிப் பிள்ளைகளும் கூலியாட்களும் படகில் அழுத தாயும் வந்தார்கள். நான் என்று சொல்லி ஒரு சாதாரண மனிதர் தம் கதையை எழுதினார்.

இப்போது அவர் மீதான குறைக்கு வருகிறேன். ஆங்கிலேயரின் ஆள் என்று அவரைச் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், பிறகும் இருந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது. கிழக்குக் கரையில் சில நாள் தங்கிய விருந்தாளி அவர். திரங்கானு மக்களின் படகு கட்டும் திறமையும் நெசவும் பித்தளை வேலையும் பேர்போனவை; குப்பையைப் பார்த்த கண் அவற்றுக்குப் போதிய இடம் தரவில்லை. அபினியைக் கடுமையாக வெறுத்தவர் அவர். ஆனால் சிங்கப்பூரில் அபினிக் குத்தகைப் பணம் கும்பினி அரசாங்கத்தின் கஜானாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள் அந்த ஊரின் சாலைகளைப் போட்டார்கள். மிண்டோவின் எளிமையை இளவயதில் பார்த்த மயக்கம் அவரை விட்டு முழுதாக நீங்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. நேரில் பார்ப்பவருக்கும் பார்வை எட்டாத இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ராஜாவுக்குப் பயந்து எல்லாரும் வாய்மூடியிருந்த காலத்தில் குடிமக்களுக்காக ராஜாக்களைக் கேள்வி கேட்டு மலாயில் அச்சடித்தவர் அவர். அந்தத் துணிவைக் கும்பினியிடம் கடன் வாங்கியிருக்க முடியாது.

வீட்டில் துக்கம் மேல் துக்கம் வந்தது. சித்தி லைலா என்ற செல்ல மகள் சிறுமியாகவே மௌத்தானாள். மனைவியார் அழுது அழுது தேய்வதைக் கண்டு, அவர் மனம் ஆறுவதற்காகத் தவாவுல் குலூப், அதாவது உள்ளங்களின் மருந்து என்று ஒரு சிறு நூலை எழுதினார். பிறகு பிரசவத்தை ஒட்டி மனைவியாரும் போய்விட்டார். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொடுத்த கை, அந்த நாட்களில் எழுத முடியாமல் கிடந்தது.

1854-இல், ஐம்பத்தெட்டு வயதில், ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்துச் சிங்கப்பூரில் கப்பலேறினார். அங்கேயும் குறிப்பெழுதுவதை விடவில்லை. குமரி முனைப் பக்கம் கப்பல் பெரும் புயலில் மாட்டியது. பாத்திரங்களும் பெட்டிகளும் உருண்டன, எல்லாரும் உயிரில் ஆசையற்று அல்லாஹ்வை அழைத்தார்கள். பாட்டனார் மரக்கலமேறிய நாகூருக்கு அதைவிடக் கிட்டத்தில் அந்தப் பயணம் அவரைக் கொண்டுபோகவில்லை. ஆலப்புழை, கள்ளிக்கோட்டை, செங்கடல் துறைகள் என்று ஒவ்வொரு ஊரிலும் இறங்கித் தெருவையும் தண்ணீரையும் மக்களையும் பார்த்து எழுதிக்கொண்டே போனார். கண்ட மாத்திரத்தில் எழுதும் அந்தப் பழக்கம் மலாக்காக் கோட்டையை வேடிக்கை பார்த்த பிள்ளையுடையதேதான்.

மக்காவைக் கண்ட மகிழ்ச்சியோடு குறிப்பு நின்றுவிடுகிறது. அந்த ஆண்டே அந்தப் புனித மண்ணில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய இளைய மகன் முஹம்மது இப்ராஹீம் முன்ஷி ஜொகூர் அரசாங்கத்தில் உயர்ந்த பதவிக்கு வந்து, தந்தையைப் போலவே பயண நூல் எழுதினார். தந்தையின் கடைசிக் கைப்பிரதி சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தது. அவரோடு பல வருடம் சேர்ந்து அச்சு வேலை பார்த்த கீஸ்பெரி அதைத் தம் மலாய் இதழில் வெளியிட்டார். அந்த இதழின் பெயர் செர்மின் மாத்தா. தமிழில் சொன்னால் மூக்குக்கண்ணாடி.